பார்க்கும் முன்பே எழுதிவிட்ட கடல்

பெரம்பலூரில் இறங்கியதும் முதலில் வந்து மோதியது வெங்காய வாசனை. பேருந்து நிலையத்துக்கு வெளியே சின்ன வெங்காய மூட்டைகள் ஏற்றிய வண்டி ஒன்று நின்றிருந்தது. மூட்டைகளின் மேல் படுத்திருந்தவர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலேயே, "மெட்ராஸ் பஸ்ஸாக்கா? அந்தப் பக்கம் நிக்கணும்" என்றார்.

"இல்லைங்க, இங்கதான் வந்திருக்கேன்."

அவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "இங்கயேவா?"

நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இது டீ குடிக்க நிற்கும் ஊர். நானும் இதற்குமுன் இரண்டு முறை இங்கே டீ குடித்திருக்கிறேன். ஒரு வாரம் தங்கப் போவது இதுவே முதல் முறை. மகனை விட்டுவிட்டு ஓர் இரவுக்கு மேல் எங்காவது தங்குவதும் இதுவே முதல் முறை. முகிலுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை.

அரியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், நிலவியல் முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு நிலவியல் தெரியாது. நான் சொல்லித்தர வேண்டியது நிலவியல் புத்தகத்தைப் படிப்பது எப்படி, படித்ததையும் பார்த்ததையும் எழுதுவது எப்படி என்பதை மட்டும். பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள், பாடநூலோ ஆங்கிலத்தில் இருக்கிறது. பொள்ளாச்சியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியிலும் இதைத்தான் செய்கிறேன். ஆனால் அங்கே மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம்.

பெரம்பலூரில் எடுத்திருந்த விடுதி அறையில் பெட்டியைத் திறக்கும் முன் வீட்டுக்குப் போன் செய்தேன். மாமியார் எடுத்தார். "அவன் நல்லாத்தான் இருக்கறான் கண்ணு. நீ போன் பண்ணுனாத்தான் அழுவறான்."

அதன்பிறகு போன் செய்வதா வேண்டாமா என்பதே பெரிய கவலையாகிவிட்டது.

இரவு மெஸ்ஸில் இட்லியும் சாம்பாரும். எங்கள் ஊர் சாம்பாரில் தேங்காய் இல்லாத நாளே இல்லை. இங்கே முழு முழுச் சின்ன வெங்காயங்கள், கரண்டி போட்டால் தட்டும் அளவுக்கு. "எல்லாம் செட்டிகுளத்து வெங்காயம். நல்லாப் போட்டுக்கங்க, ஊருக்குப் போனா கெடைக்காது" என்றார் பரிமாறிய அம்மா. உண்மைதான், அப்படி ஒரு இனிப்பு.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. பாடநூலிலிருந்து ஒரு பத்தியைக் கொடுத்து, "படிங்க" என்றேன். மனதுக்குள் படிப்பார்கள் என்று நினைத்தேன். மொத்த வகுப்பும் ஒரே குரலில், மூச்சுவிடும் இடம்கூட மாறாமல், உரக்கப் படித்தது. கடைசிச் சொல்லில் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"இதுல என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

மணிகண்டன் என்ற பையன் எழுந்து, என் அறியாமைக்காக வருந்துகிறவன் போல, "மேம், நாங்க படிச்சிட்டோம்ல? அர்த்தம் ஜெயந்தி மேம் சொல்லுவாங்க" என்றான்.

ஜெயந்தி அவர்களுடைய நிலவியல் விரிவுரையாளர், என் வயதுதான். என்னை அழைத்ததும் அவர்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் கூட்டுக்குரலில் ஒரு பெண்ணின் உதடு மட்டும் அசையாததைக் கவனித்திருந்தேன். வகுப்பு முடிந்ததும் அவளே வாசலில் நின்றாள். பெயர் கயல்விழி. விக்கிரமங்கலத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்து போகிறவள்.

"மேம், நாளையிலேர்ந்து நான் வரலன்னா பரவால்லீங்களா? வெள்ளிக்கிழமை பி.ஏ. தமிழுக்கு மாறிடப் போறேன்."

"தமிழ் பிடிக்குமா?"

"பிடிக்கும் மேம்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா அது எனக்குத் தெரியும்ல."

நான் பதில் சொல்வதற்குள் பேருந்துக்கு ஓடிவிட்டாள்.

அன்று மாலையே ஜெயந்தி விளக்கினார். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். கல்லைக் கையில் கொடுத்தால் விடமாட்டாள். ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் கை வியர்த்துவிடுகிறது. துறை மாற வெள்ளிக்கிழமையோடு நேரம் முடிகிறது. கையெழுத்துப் போட அப்பா வருகிறார். "நானும் சொல்லிப் பாத்துட்டேன். நீங்க பேசுனா கேப்பாளோ என்னவோ."

எனக்குப் பயமாக இருந்தது. ஒரு வாரத்தில் ஊருக்குப் போய்விடப் போகிற நான், மூன்று வருடம் இங்கே கிடந்து படிக்க வேண்டியவளிடம் 'இரு' என்று எந்த உரிமையில் சொல்வது? இருந்து தோற்றுப்போனால்? தமிழ் படிப்பது ஒன்றும் குறைவும் இல்லை. என் அம்மா தமிழாசிரியை.

செவ்வாய்க்கிழமை பெரம்பலூரிலிருந்து போன பேருந்து பாதி வழியில் நின்றது. இந்தச் சாலையில் முன்னாலும் பின்னாலும் சுண்ணாம்புக்கல் லாரிகள்தான். தூசி படிந்து சாலையோர வேப்பமரங்கள்கூட வெள்ளையடித்தது போல் நிற்கும். எல்லோரும் இறங்கி மக்காச்சோளக் காட்டோரமாக நின்றோம்.

"டிரைவரே, பொழுதுக்குள்ள கெளம்பிடுமா, இல்ல பாயைப் போடவா?" என்றார் ஓர் அம்மா.

"பாயைப் போடுங்கத்தே. தலகாணி நான் தரேன்" என்று வண்டிக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "எந்த ஊரு நீங்க? பேச்சு இழுக்குதே."

"பொள்ளாச்சிங்க."

"புள்ள குட்டி?"

"ஒரு பையன். ரெண்டு வயசு ஆகப்போகுது. வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மடியிலிருந்து வேகவைத்த கடலையை அள்ளி என் கையில் வைத்தார். ஏதாவது சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன்.

எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரியும், கண் போய் நிற்க ஓர் இடம் இருக்கும். இங்கே சோளக் காட்டுக்கு அப்பால் வானம் தரையைத் தொடும்வரை ஒன்றுமே இல்லை. முதல் நாள் வெறுமையாகத் தெரிந்த அதே இடம் அன்று கடலை உரித்துக்கொண்டே பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. ஏன் இவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று முதல்முறையாக யோசித்தேன்.

வகுப்புக்கு ஒரு மணி நேரம் தாமதம். பிள்ளைகள் கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கயலும் வந்திருந்தாள். அன்று யாரும் உரக்கப் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றித் தமிழிலேயே ஆளுக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும். வகுப்பு முடிவதற்குள் நான்கு வாக்கியங்கள்தான் தாண்டினோம். "இப்படிப் போனா புத்தகத்த எங்க பேரப்புள்ளதான் முடிக்கும் மேம்" என்றான் மணிகண்டன். கயல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் போகும்போது அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை காரைக்குப் போனோம். அங்கே பழைய கடலின் அடித்தரை மேலே தெரிகிறது என்பதால் வருடாவருடம் முதலாண்டு மாணவர்களை அழைத்துப் போவார்கள். பிள்ளைகள் பார்த்துவந்து எழுதும் குறிப்பையே மொழிப் பாடமாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம்.

கல்லூரிப் பேருந்து கிளம்பியதும் பாட்டுச் சத்தத்தை எதிர்பார்த்தேன். அமைதியாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடும்போது பேனாவை எடுத்துவிட்டு, மறுபடி வைக்கிறார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இடப்பக்கம் பென்சிலில் படம், வலப்பக்கம் பேனாவில் எழுத்து. தலைப்பு: 'காரையில் நாங்கள் கண்டவை.' அதன் கீழே, மூன்று அம்மோனைட்டுகள் காணப்பட்டன, அளவுகள் பின்வருமாறு.

அம்மோனைட் என்பது சுருள் ஓடு கொண்ட, எப்போதோ அழிந்துபோன கடல் உயிர். நாங்கள் இன்னும் காரைக்குப் பாதி தூரம்கூடப் போகவில்லை.

"என்னப்பா இது?"

"ரெக்கார்டு மேம். சீனியர் அண்ணனோடது" என்று மூலப்பிரதியைக் காட்டினான் மணிகண்டன். "அங்க வெயில்ல எழுத முடியாதுல்ல. போறப்பவே முடிச்சிட்டா, அங்க ஜாலியா பாக்கலாம்."

நான் ஜெயந்தியைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். "நாங்களும் படிக்கறப்ப அப்படித்தான் மேடம் எழுதுனோம். மழை வந்து போக முடியலன்னாலும் மார்க் போட்டாவணுமே."

கயல் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தாள். மாணவர் விடுதியில் கைமாறிய அந்த ரெக்கார்டு விக்கிரமங்கலம் வரை போகவில்லை. "யாராச்சும் முடிச்சிட்டா எனக்குத் தரேன்னாங்க மேம்" என்றாள். அவளுடைய பக்கம் வெள்ளையாக இருந்தது.

வண்டி நின்றது. மேட்டில் ஏறினோம்.

நான் அதைச் சரியாகச் சொல்ல முயல்கிறேன். செடி கொடி ஒன்றும் இல்லாத மண். சாம்பல் நிறம், துரு நிறம், மங்கிய மஞ்சள். மழை கீறிக் கீறி மடிப்பு மடிப்பாக ஆக்கிய பள்ளங்கள், கண்ணுக்கு எட்டும் தூரம்வரை. தரையெங்கும் கண்ணாடி உடைந்து கிடப்பது போல ஒரு மினுமினுப்பு. அது ஜிப்சம் என்றார் ஜெயந்தி. காலடியில் துப்பாக்கித் தோட்டா போன்ற சிறு கற்கள். குனிந்து ஒன்றை எடுத்தேன். கணவாய் மீன் மாதிரியான ஓர் உயிரின் உள்ளோடு அது, பத்துக் கோடி வருடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என்றார். கையை நீட்டியபடியே நின்றேன். எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்று தோன்றியது, எடுத்திருக்கவே கூடாதோ என்றும் தோன்றியது.

பிறகு தலையைத் தூக்கினேன். வெறும் வானம்தான். ஆனால் நான் நின்றிருந்தது கடலின் அடி. தலைக்கு மேலே அவ்வளவும் தண்ணீர். செவ்வாய்க்கிழமை நாங்கள் பஸ்ஸுக்காகக் காத்திருந்த சோளக்காடு, டீக்கடை, வெங்காய மூட்டைகள், எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். பத்துக் கோடி என்று தாளில் எழுதிப் பழகியிருக்கிறேன். அந்த எண்ணின்மேல் செருப்போடு நிற்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

பிள்ளைகளும் ரெக்கார்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"ரெக்கார்டை மூடி வச்சிருங்க" என்றேன். "ஆளுக்கொரு இடத்துல உக்காருங்க. கண்ணால பாக்கறத மட்டும் எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க."

மணிகண்டன் உண்மையான கவலையோடு கேட்டான்: "மேம், நாங்க தப்பா பாத்துட்டா?"

அதற்குள் வேறொரு குழப்பம் ஆரம்பித்தது. அம்மோனைட்டைக் காணோம். மணிகண்டனும் நண்பர்களும் பள்ளம் பள்ளமாக இறங்கித் தேடினார்கள்.

"தேடுங்கடா! மூணு வேணும். அளவெல்லாம் எழுதியாச்சு!"

"பேனாவுலல்ல எழுதியிருக்கோம்!"

"போன வருசம் அண்ணனுங்க பாத்திருக்காங்கல்ல, எங்கடா போயிரும்?"

எழுதியதை உண்மையாக்க அரைமணி நேரம் ஓடினார்கள். கடைசியில் ஜெயந்தி ஒரு பாறையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போன வருசமும் ஒண்ணும் பாக்கலடா. அதுக்கு முந்துன பேட்ச்சுதான் பாத்துச்சு. அதுவும் ஒண்ணே ஒண்ணு." சிரித்து முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, அந்தப் பக்கத்தை அடிச்சிட்டுப் புதுசா எழுதுங்க. மார்க் குறைக்க மாட்டேன்" என்றார். அப்படிச் சொல்ல அவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்று அவர் குரலில் தெரிந்தது.

கயலைத் தேடினேன். ஒரு பள்ளத்தின் மண்சுவரை ஒட்டி, முட்டி போட்டபடி இருந்தாள். கையில் அளவுகோல்கூட இல்லை. அவள் எழுதியதை அனுமதி கேட்டு வாங்கிப் படித்தேன்.

'சுவரின் அடியில் சிப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. நிறைய உடைந்தவை. அதற்கு மேல் ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்புக் கோடு ஓடுகிறது. கோட்டுக்கு மேலே சிப்பி இல்லை. என் கை எட்டும் உயரம்வரை தேடினேன். அதற்கும் மேலே இருக்கலாம். எனக்கு எட்டவில்லை.'

இரண்டு முறை படித்தேன். 'எனக்கு எட்டவில்லை' என்று எழுத இவளுக்கு யார் சொல்லித்தந்தது? நான்கு வருடமாக வகுப்பெடுத்தும், என் மாணவர் ஒருவரைக்கூட அந்த ஒரு வாக்கியத்தை எழுதவைக்க என்னால் முடிந்ததில்லை.

வியாழக்கிழமை எல்லோரும் காரையில் எழுதியதை ஆங்கிலத்தில் எழுதினார்கள். சின்னச் சின்ன வாக்கியங்கள், பிழைகளோடு, ஆனால் ஒன்று மற்றதைப் போல இல்லை. மதியம் மற்றவர்கள் போனபிறகு கயலும் நானும் பாடநூலில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டோம். சிப்பிப் படுகைகள் பற்றிய பக்கம். தெரியாத சொல்லுக்கெல்லாம் போனில் அகராதி பார்த்தோம். வியர்த்த விரலைத் துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து, வரிக்கு அடியில் வைத்து நகர்ந்தாள். ஓர் இடத்தில் நின்றுவிட்டாள்.

"மேம், இங்க 'இருந்திருக்கலாம்'னுதானே போட்டிருக்கு?"

"ஆமா."

"அதுக்கு அடுத்ததுலயும் 'தெளிவாகத் தெரியவில்லை'ன்னு?"

"ஆமா."

பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். புத்தகத்தை மூடி, அதன் தடிமனைப் பார்த்தாள். மறுபடி திறந்தாள். "அப்ப இவங்களுக்கும் எட்டலையா மேம்? இவ்ளோ பெரிய புஸ்தகத்துலயா?"

அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை, முந்தின நாள் காரையில் என் முகத்தில் யாராவது பார்த்திருக்கக்கூடும்.

ஆனால் கிளம்பும்போது பையை மாட்டிக்கொண்டே, "ஒரு பக்கத்துக்கே ஒரு மத்தியானம் போச்சு மேம். மிச்சத்த எப்ப படிக்கறது?" என்றாள். கேலியில்லை, கணக்குதான்.

அன்று மாலை போனில் முகில் அழவில்லை. என்னைத் திரையில் பார்த்து, "பஸ்சு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான். அழுதிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் கயலின் அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் புதுப் பேனா. துறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். கயல் பக்கத்தில். ஜெயந்தி என்னை அறிமுகப்படுத்திவிட்டு உள்ளே போனார். அவர் போனது வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன்.

"நீங்க சொல்லுங்க டீச்சரம்மா" என்றார் அப்பா. "இது இங்கயே இருந்தா படிச்சிருமா? தேறுமா?"

'கண்டிப்பா' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. கயல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியலைங்க" என்றேன். "நேத்து ஒரு பக்கம் படிச்சா. ரொம்ப நேரம் ஆச்சு. ஆனா படிச்சதுல ஒரு வரிகூடப் புரியாமத் தாண்டல. பரிட்சையில எப்படின்னு நான் பாக்கல. அதனால சொல்ல முடியல."

அவர் எதிர்பார்த்து வந்தது ஒரு வார்த்தை. அதை நான் கொடுக்கவில்லை.

அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. காலடி மண்ணைக் காட்டிப் பேசினார்.

"நம்ம காட்டுல போர் போட்டோம் டீச்சரம்மா. அப்ப இது எட்டாவதோ ஒம்பதாவதோ. காலையிலேர்ந்து வண்டி ஓடுது, தண்ணி வரல. நான் தலையில கைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். இது என்னா பண்ணுது தெரியுங்களா? மண்ணு நிறம் மாறி மாறி வருதுன்னு ஒவ்வொண்ணுலயும் ஒரு கை அள்ளி, சாக்கு மேல வரிசையா வைக்குது. கறுப்பு, மஞ்ச, சாம்ப. அதுல கிளிஞ்சல் வேற. சோத்துக்குக் கூப்ட்டா வரல. 'ஏம்ப்பா மாறுது, ஏம்ப்பா மாறுது'ன்னு உசுர வாங்குது. போர்க்காரன் 'பூமிக்குள்ள அப்படித்தான் பாப்பா'ன்னுட்டான். நான் அடிச்சே புட்டேன்."

"அப்பா, அதெல்லாம் எதுக்கு இங்க" என்றாள் கயல்.

"இரு புள்ள." அவள் பக்கம் திரும்பினார். "நெசமாத்தான் கேக்கறேன். அது ஏன் மாறுதுன்னு இப்பவாச்சும் தெரிஞ்சுதா?"

கயல் செருப்பு நுனியால் மண்ணைக் கீறினாள். "கொஞ்சம். முழுசா இன்னும் இல்லப்பா."

"அப்பறம் எதுக்கு மாறணும்ங்கற?"

கயல் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை. துறைக் கதவைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, அவர் சட்டைப் பையில் இருந்த புதுப் பேனாவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு மணிக்கு பிராக்டிகல் இருக்குப்பா" என்றாள். "நீ கெளம்பு."